பன்னிரண்டாம் கண்ணி

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மணி கோப்பவர்களுக்கு வேலைநேரத்தைக் குறித்துத் தருவது மூடுபனி. காலையில் எதிர்மலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்; அவ்வளவு தெளிவு. நண்பகலுக்குள் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறத் தொடங்கும். முதலில் தைலமரங்களின் அடியை மறைக்கும். பின்பு தெருவை மறைக்கும். அதன்பின் சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இராது. விளக்கைப் போட்டாலும் கருநீல மணிக்கும் கறுப்பு மணிக்கும் வேறுபாடு தெரியாது. ஆதலால் அங்குள்ள ஒரு வீட்டில், பள்ளிப்படிப்பை முடித்து நான்கு ஆண்டுகள் ஆன இளம்பெண் ஒருத்தி, விடிந்ததும் சன்னலோரம் அமர்ந்துவிடுவாள்.

அவள் எதிரில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதன்மேல் பழைய கம்பளித் துண்டு. வெறுந்தட்டில் கொட்டினால் மணிகள் ஓடும். கம்பளியின் இழைகள் அவற்றைப் பிடித்து நிறுத்தும். நைலான் நூலின் நுனியைச் சாய்வாக வெட்டினால் ஊசியின் காதில் எளிதில் நுழையும். முடிச்சிட்டபின் எஞ்சும் நுனியைத் தீக்குச்சிச் சுடரில் காட்டினால், அது உருகிச் சிறு குமிழாகி முடிச்சை அவிழவிடாமல் காக்கும். இவையெல்லாம் மகளிர் சுயஉதவிக் குழுவின் பத்துநாள் பயிற்சியில் அவள் கற்றவை. பயிற்சியில் சொல்லித்தராத ஒன்றை மலையே சொல்லித்தந்தது. முதலாண்டு ஐப்பசி மழையில், இரும்புக் கொக்கி பூட்டிய முப்பது மாலைகளும் பெட்டிக்குள் இருந்தபடியே துருப்பிடித்தன. அதன்பின் அவள் இரும்பைத் தொடுவதில்லை.

தாய் பூண்டுத் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, ஊருக்குப் பெருமைதான். அதைப் பிடுங்கி, மண் தட்டி, தாள் முடிந்து கட்டுபவர்களின் விரல்களுக்கு அந்தப் பெருமை வெடிப்புகளாகவே வந்து சேருகிறது. மகள் விரல்கள் அப்படி ஆகக்கூடாது என்பது தாயின் எண்ணம். மணி கோத்தால் மாதச் செலவில் ஒரு பகுதியாவது கிடைக்குமா என்பது மகளின் கணக்கு. சித்திரை, வைகாசியில் சுற்றுலாப் பயணியர் திரளும்போது, 1863-இல் லெவின்ஜ் என்னும் ஆங்கிலேய ஆட்சியர் அமைத்த ஏரியின் கரையில் ஒரு மேசை போட்டு அவள் மாலைகளை விற்பாள்.

அங்கேதான் அந்தச் சொல் வந்து விழுந்தது. சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மையார் மாலை ஒன்றை எடுத்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தார். மீண்டும் மேசைமேல் வைத்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இதே மாலை எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு கிடைக்குதே!" அவர் குரலில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. அதனால்தான் அது ஆழமாகத் தைத்தது.

அன்று மாலை வீட்டில் அவள் தன் மாலைகளை விரித்து வைத்துப் பார்த்தாள். அம்மையார் சொன்னது உண்மை. அவற்றின் வடிவங்கள் எல்லாம் கைப்பேசியில் பார்த்தவை. அந்தப் படங்களை இட்டவர்களும் வேறு எங்கோ பார்த்துச் செய்தவர்களே. மணிகளோ உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகர், வாரணாசி போன்ற கண்ணாடிமணி ஊர்களிலிருந்து வந்து, மதுரைக் கடைகளில் எடைக்கு விற்பவை. நூல் ஆலையில் செய்தது. கொக்கியும் அப்படித்தான். எனில், இந்த மாலையில் நாயுடுபுரம் எங்கே இருக்கிறது? விடை தெரியாமல் அந்த வாரம் முழுவதும் அவள் ஒரு மணியும் கோக்கவில்லை. தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை இருக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டிருந்தார். அதற்குப் போய்விடலாமா என்றும் எண்ணினாள்.

கைவினையில் ஈடுபடும் எவருக்கும் ஒருநாள் எதிர்ப்படும் கேள்வி இது. கை பழகிவிடுகிறது, கண் பழகுவதில்லை. எப்படிக் கோப்பது என்பதற்கு ஆயிரம் பேர் வழிகாட்டுவர். எதைக் கோப்பது என்பதற்கு அவரவரே பொறுப்பு.

நாயுடுபுரத்தை அடுத்துள்ளது குறிஞ்சி ஆண்டவர் கோயில். இந்து சமயத்தைத் தழுவி, இலீலாவதி எனப் பெயர் பெற்ற அம்மையார் 1936-இல் எழுப்பியது அது. கோயிலின் பின்புறம் நின்றால் மலை சட்டென்று முடிந்து, வடக்கே சமவெளி விரியும். வானம் துலக்கமாக இருக்கும் நாள்களில் பழனி முருகன் குன்றைக் கைவிரலால் சுட்டிக் காட்டலாம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் அங்கு நின்று அந்தக் குன்றைப் பார்த்திருக்கிறாள். அதற்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில், பொருந்தல் என்றோர் ஊர் இருப்பதை மட்டும் அவள் அறிந்திருக்கவில்லை. மணி கோக்கும் ஒருத்தி அறிந்திருக்கவேண்டிய ஊர் அது.

சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் பெயரில் வரும் ஊர் இதுவே என்பர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் இங்கு நடந்த அகழாய்வில், வாழ்விடப் பகுதியிலிருந்து கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என இன்று கடையில் அளந்து வாங்கும் நிறங்கள் அனைத்தும் மண்ணுக்கடியில் இருந்தன. இங்குக் கண்ணாடி மணிகள் செய்யும் தொழிற்கூடம் இருந்தது என்பது அகழ்ந்தோர் கண்ட முடிவு. ஈமக்குழி ஒன்றில் ஒரு தாழியினுள் நெல் இருந்தது. அந்நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனத் தெரிந்தது.

நெல்மணியும் கண்ணாடிமணியும் ஓரூர் மண்ணில் கிடைத்திருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. உருண்டு திரண்டு, ஒன்றுபோல் மற்றொன்று அமைந்து, எண்ணத்தக்கதாய் இருப்பவற்றை எல்லாம் நம் முன்னோர் மணி என்றே அழைத்தனர். தானியம் மணி, நவரத்தினமும் மணி, கண்ணின் பாவை கண்மணி. நம் மொழியில் பாசி என்ற சொல்லும் இப்படி வியப்பூட்டுவதே. குளத்தில் படர்வது பாசி. ஈரமரத்தின் பட்டையில் ஒட்டி வளர்வது பாசி. கழுத்தில் அணியும் சிறுமணியும் பாசிதான்.

அக்காலத்தில் சிறு கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிச் செய்யவில்லை. உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, அதன் நடுவே துளை நிலைக்குமாறு செய்து, கொக்கியால் பற்றி இழுப்பர். பாகுபோல் இளகிய கண்ணாடி, உள்ளே துளையுடன் நூலாக நீண்டுகொண்டே வரும். அந்த மெல்லிய குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மீண்டும் சூடேற்றினால், கூரிய விளிம்புகள் மழுங்கி மணி உருவாகும். துளையைப் பிறகு இடுவதில்லை. துளை முதலில், மணி அதைச் சுற்றி. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் இம்முறையில் மணிகள் பெருமளவில் செய்யப்பட்டன. இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைப்பதால், மணியாராய்ச்சி அறிஞர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டார். ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் இக்காலத்திலும் இம்முறை வழக்கில் இருந்ததை அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். நாயுடுபுரத்துப் பெண்ணின் கதையில் நாயுடுபேட்டை ஒன்று குறுக்கிடுவது தற்செயலே. ஆயினும் ஓர் ஆசிரியருக்கு அதைச் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வராது.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. கண்ணாடிக்கு நிறம் தருபவை உலோகங்கள். கோபால்ட் சேர்ந்தால் அடர்நீலம். செம்பு சேர்ந்தால் நீலப்பச்சை. ஆனால் உலையில் காற்று குறைந்திருந்தால் அதே செம்பு செந்நிறத்தைக் கொடுக்கும். ஒரே பொருள், அது வெந்த சூழலால் வேறு நிறம் கொள்கிறது. அளவைக் கருவிகள் ஏதுமின்றி, சுடரின் நிறத்தைப் பார்த்தே இதைத் தீர்மானித்தவர்களின் கண்கள் எப்படிப்பட்டவையாக இருந்திருக்க வேண்டும்!

இச்செய்திகளில் சிலவற்றை அவள் கேட்டறிந்தது தாண்டிக்குடியில். தம்பியின் வரலாற்று ஆசிரியர் ஒரு விடுமுறை நாளில் மாணவர்களைக் கீழ்ப்பழனி மலையிலுள்ள அவ்வூருக்கு அழைத்துச் சென்றார். துணைக்கு அவளும் சென்றாள். காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே பெருங்கற்காலக் கல்லறைகள் கிடக்கும் ஊர் அது. பழனிமலைத் தொடரின் கல்திட்டைகளை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர்கள் செண்பகனூரில் வாழ்ந்த ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இயேசு சபைத் துறவியர் இருவர். அவர்களுடைய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பிற்காலத்தில் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்தன. அவற்றுள் சில வெண்கோடுகள் தீட்டப்பெற்றவை.

கல்லின்மேல் தீட்டிய கோடு ஈராயிரம் ஆண்டு அழியாதிருப்பது எப்படி? காரப்பொருளைச் செடிச்சாற்றில் குழைத்து, செந்நிறச் சூதுபவளத்தின்மேல் கோலமிட்டு, தணலில் சுடுவார்கள். காரம் கல்லுக்குள் சிறிது ஊறி, கோடு வெண்மையாக அதிலேயே தங்கிவிடும். அரிசிமாவுக் கோலம் மாலைக்குள் அழிந்துவிடும். இந்தக் கோலம் கல்லோடு கல்லாக நின்றுவிடுகிறது.

ஆசிரியர் சொன்ன ஒரு செய்தி அவளை நிற்கவைத்தது. சூதுபவளம் பழனிமலைக் கல் இல்லை. அக்கல்லுக்குப் பெயர் பெற்றது குஜராத். அங்குள்ள கம்பாத்தில் இன்றும் அக்கல்லை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றுகிறார்கள். மிளகு முதலிய மலைபடு பொருள்களுக்காக வணிகர் வந்துபோன பாதையில் தாண்டிக்குடி இருந்தது எனத் தொல்லியலாளர் கருதுகின்றனர். அந்தப் பாதையில் வடநாட்டுக் கல் மலையேறி வந்திருக்கிறது.

அப்படியானால், அக்காலத்து மலைமக்களும் தொலைவிலிருந்து வந்த மணியைத்தான் கோத்திருக்கிறார்கள்! அதைச் சொந்தமல்ல என்று தள்ளாமல், தங்களுக்கு மிக வேண்டியவர் இறந்தபோது அவரோடு வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வாரணாசி மணியை வாங்கியதற்காக நாணவேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் எண்ணிப் பார்க்கவேண்டியது கோக்கும் வரிசையைப் பற்றி. எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி, ஏன் என்பதைப் பற்றி.

அடுத்த மாதம் பழனிக்குச் சென்றபோது, பேருந்து நிலையத்தருகே பாசிமணி விற்கும் நரிக்குறவர் மூதாட்டி ஒருவரிடம் அவள் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். கையில் சிறு குறடும் கம்பிச்சுருளும் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே அவர் மணியோடு மணியைப் பிணைத்துக்கொண்டிருந்தார். நூலே இல்லாத மாலை அது. ஒவ்வொரு மணியும் தன் கம்பிக்கண்ணால் அடுத்ததைப் பற்றியிருந்தது. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை சிதறா. அவர் கண் குறட்டில் இல்லை. கடந்து செல்வோரின் கழுத்துகளில் இருந்தது. மாலையைப் பார்த்து மாலை செய்யாதே, அதை அணியப்போகிறவளைப் பார்த்துச் செய் என்பதே அவர் சொன்னதன் சாரம். அவர் சொல்லாமல் காட்டியதும் ஒன்று உண்டு. எந்த மாலையிலும் ஒரு நிறத்தை அவர் அப்படியே இன்னொரு நிறத்தின்மேல் மோதவிடவில்லை; இடையில் ஒரு மங்கல் மணியையோ உலோக மணியையோ காவல் வைத்திருந்தார்.

இம்மக்களின் வரலாற்றையும் இங்கே அறிவது தகும். அவர்களுடைய தாய்மொழியாகிய வாக்ரிபோலி, குஜராத்தி முதலிய வடநாட்டு மொழிகளோடு உறவுடையது. வேட்டை அவர்களின் முதன்மைத் தொழிலாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அது இயலாததாக, மணி கோத்து விற்பதே பலருக்கும் பிழைப்பாயிற்று. பழங்குடியினர் பட்டியலில் தங்களைச் சேர்க்கவேண்டும் என்ற அவர்களின் நெடுங்காலக் கோரிக்கை, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தத்தால்தான் ஈடேறியது. தமிழகத்தின் எந்தத் திருவிழாவிலும் அவர்கள் கோத்த மணிகள் இருக்கும். நகைக்கடையின் கண்ணாடிக் கதவுக்குள் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறவாமல் பணம் எடுத்து வைப்பவர்கள், தெருவோரத்தில் ஐம்பது ரூபாய் மாலையை முப்பதுக்குக் கேட்பது எந்த நியாயத்தில் சேரும் என்பது தெரியவில்லை.

மலை திரும்பியபின் அவள் ஒரு குறிப்பேடு தொடங்கினாள். கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, நாள்தோறும் ஓர் இடத்தைப் பார்த்து, அங்கு என்னென்ன நிறங்கள், எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதுவது வழக்கமாயிற்று. சோலைக்காட்டு மரத்தின் பட்டையில் பாசி: முக்கால் பங்கு சாம்பல், கால் பங்கு பச்சை. தொலைவிலிருந்து பார்க்கையில் பச்சையாகத் தெரிந்த மரம், அருகில் சென்றால் பெரும்பாலும் சாம்பலாக இருந்தது அவளுக்குப் புதிராக இருந்தது. மழைக்குப்பின் ஏரி: ஈய நிறம், கரையோரம் மட்டும் மரகதக் கீற்று. மயில் கழுத்து: நீலம் என்று எழுதி, அடித்து, பச்சை என்று எழுதி, அதையும் அடித்து, 'நின்ற இடத்தைப் பொறுத்தது' என்று முடித்திருந்தாள். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட மலையில் இக்குறிப்பு எழுதப்படுவது பொருத்தமே.

பள்ளிநாள்களில் படித்த குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வர, பழைய புத்தகத்தைத் தேடியெடுத்தாள். கபிலர் அதில் தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசைப்படுத்துகிறார். அன்று தேர்வுக்காக அஞ்சி மனப்பாடம் செய்த பட்டியல், இன்று தொண்ணூற்றொன்பது மாலைகளுக்கான வரைவாகத் தோன்றியது. ஆர்வத்தோடு முதல் மலராகிய காந்தளில் தொடங்கினாள். இதழின் நடுவில் செம்மை, ஓரத்தில் மஞ்சள். கோத்து முடித்தபோது திருவிழாப் பந்தலின் தோரணம்போல் இருந்தது. தாய் பார்த்துச் சிரித்துவிட்டார். பழனி மூதாட்டியின் காவல் மணி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செம்மைக்கும் மஞ்சளுக்கும் இடையே பழுத்த ஆரஞ்சு, அதற்கும் இடையே மங்கல் பழுப்பு என மீண்டும் கோத்தாள். காந்தள் வரவில்லை, ஆனால் தோரணம் மறைந்தது.

காட்டு விதைகளைக் கோக்கவும் ஒருமுறை முயன்றாள். கல்வாழையின் கருவிதைகள் உறுதியானவை. பச்சையாக இருக்கும்போதே துளையிட்டுவிட வேண்டும். செம்மையில் கருங்கண் வைத்த குன்றிமணியின் அழகுக்கு ஈடில்லை. பொற்கொல்லர்கள் தங்கத்தை நிறுக்கப் பயன்படுத்திய விதை அது. ஆனால் அதன் பருப்பில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. முழுவிதை கடினமான தோலுக்குள் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். துளையிட்டால் அது வெளிப்படும். துளையிடுபவருக்கும், அணிந்துகொண்டு வாயில் கடிக்கும் குழந்தைக்கும் அது கேடு. தாய் அதைக் கண்டதும் தட்டோடு எடுத்துச்சென்று புதைத்துவிட்டார். அழகான எல்லாவற்றையும் கோத்துவிட முடியாது.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். மலைச்சரிவுகள் ஊதாநீலம் போர்த்திருந்தன. வந்தவர்கள் எல்லாரும் பூவைப் பார்த்துப் படமெடுத்துச் சென்றனர். அதன் பின் நடந்ததை மலையில் வாழ்பவர்கள் மட்டுமே பார்த்தார்கள். பூத்து விதை உதிர்த்தபின் குறிஞ்சிச் செடி பட்டுப்போகும். ஊதா இருந்த சரிவில் மறு ஆண்டு காய்ந்த குச்சிகள் நின்றன. அவற்றின் அடியில் விதைகள் முளைத்து, வெளிர்பச்சையாகத் தலைகாட்டி, ஆண்டுக்காண்டு தடித்துக் கரும்பச்சையாயின. இனி 2030-இல்தான் பூக்கும். பூவின் மாலையை எவரும் செய்யலாம். பூவாத பதினோர் ஆண்டுகளையும் சேர்த்துக் கோத்தால் என்ன என்று ஒரு மழைநாளில் அவளுக்குத் தோன்றியது.

கணக்கு எளிதாக அமைந்தது. மூன்று மில்லிமீட்டர் மணிகள்; கண்ணிக்குப் பன்னிரண்டு மணியாகப் பன்னிரண்டு கண்ணி; மொத்தம் 144 மணிகள், ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். கொக்கியும் முடிச்சுகளும் சேர்ந்தால் கழுத்துக்கு அளவாக 45 சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு கண்ணிக்கும் இடையே ஒரு முடிச்சு. முதற்கண்ணி காய்ந்த பழுப்பு. இரண்டாவது வெளிர்பச்சை. அதன்பின் பச்சை படிப்படியாக அடர்ந்து, பதினொன்றாம் கண்ணியில் கருமை தட்டும். பன்னிரண்டாவது ஊதாநீலம். ஐந்தாம் கண்ணியில், பச்சைகளுக்கு நடுவே, ஒரே ஓர் ஊதாமணியையும் அவள் வைத்தாள். காலம் தப்பிப் பூக்கும் குறிஞ்சிச் செடி அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. நாயுடுபுரத்துக்காரர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள்.

இடர் ஒன்று இருந்தது. இவ்வரிசைப்படி கோத்தால், அழகான ஊதா கொக்கிக்குப் பக்கத்தில், பிடரிக்குப் பின்னால் போய்விடுகிறது. மார்பின் நடுவே தெரிவது வெறும் பச்சை. ஊதாவை நடுவில் வைத்தால் உடனே விற்கும். ஆனால் ஆண்டு வரிசை குலையும். இரண்டு காலைப்பொழுதுகள் தட்டின்முன் கைகட்டி அமர்ந்திருந்துவிட்டு, வரிசையை மாற்றுவதில்லை என முடிவு செய்தாள். அந்தப் பருவத்தில் அப்படிப் பத்து மாலைகள் மட்டும் செய்தாள். மற்றவை வழக்கமானவை, வீட்டுச் செலவை அவைதாம் தாங்கவேண்டும்.

2025 மே மாதத்தில் ஒரு நாள், ஏரிக்கரையில் ஒரு பாட்டியும் பேத்தியும் மேசைமுன் நின்றனர். பேத்திக்குப் பதினொரு வயது இருக்கும். பாட்டி பச்சை மாலையைக் கையில் எடுத்து ஒவ்வொரு கண்ணியாகத் தடவி வந்தார். ஐந்தாவதில் விரல் நின்றது.

"இங்க ஒரு மணி தப்பா விழுந்திருக்கு பாரும்மா."

"தப்பு இல்ல பாட்டி, அப்படித்தான் பூக்கும்" என்று தொடங்கிக் காய்ந்த பழுப்பிலிருந்து ஊதாவரை அவள் சொல்லி முடித்தாள். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பூ முன்னால் வரும்படி ஒன்று செய்து தரமுடியுமா என்று வினவினார். தரலாம், ஆனால் அதில் ஆண்டுக்கணக்கு இராது என்றாள். இதற்குள் பேத்தி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொக்கியோடு சேர்த்து ஊதாவை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கொக்கி முன்னாடி தெரியுதே கண்ணு!"

"தெரியட்டும் பாட்டி."

பிறகு அச்சிறுமி கேட்டாள்: "அக்கா, இப்ப நாம எந்தக் கண்ணியில இருக்கோம்?"

ஏழாவது முடிச்சருகே அவள் விரல் வைத்துக் காட்டினாள். சிறுமி தன் விரலை அங்கே வைத்தாள். அங்கிருந்து முடிச்சு முடிச்சாகத் தாவி, எட்டு, ஒன்பது என்று முணுமுணுத்துக்கொண்டே ஊதாவில் வந்து நின்றாள். ஏரிக்கு அப்பால் பனி ஏறத் தொடங்கியிருந்தது.

"அப்ப நான் பதினொன்னாம் வகுப்பு" என்றாள்.